மூன்றாம் முறை வந்த கண்கட்டி

அத்தைக்கு முதலில் அந்தக் கட்டி வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது கண்ணின் மேலிமையில், முடி வரிசைக்குச் சற்று மேலே, ஒரு மிளகு அளவு இருந்தது. நாமக்கட்டியை இழைத்துப் போட்டாள். ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து இமையில் ஒற்றினாள். பக்கத்து வீட்டு ஆச்சி கிராம்பை உரசிப் பூசச் சொன்னார், அதையும் செய்தாள். ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் மடியில் எந்நேரமும் சுளகு இருக்கும், சுளகில் பீடி இலையும் தூளும் இருக்கும். தூசி பட்டு வந்த கண்கட்டி என்று அத்தையே முடிவு கட்டிவிட்டாள்.

போனில் பேசும்போது, "வலி இருக்கா அத்தே?" என்று கேட்டேன்.

"வலியே இல்லய்யா. அதான் கவலப்படாம இருக்கேன்."

அந்தப் பதிலில் நான் நின்றிருக்க வேண்டும். கண்கட்டி என்றால் சிவந்து, வீங்கி, தொட்டால் உயிர் போகும். நாலைந்து நாளில் பழுத்து உடையும். வலியில்லாத, அழுத்தமான, நகராத கட்டி வேறு வகை. பெரும்பாலும் அது கலேசியன் என்கிற தீங்கில்லாத எண்ணெய்ச் சுரப்பி அடைப்புதான். எப்போதாவது அப்படி இல்லாமலும் போகும்.

இத்தனைக்கும் என் பிழைப்பே இதுதான். நான் ஹிஸ்டோபெத்தாலஜி டெக்னீஷியன். அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் சதை எதுவானாலும் ஃபார்மலின் பாட்டிலில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். டாக்டர் அதை அளந்து, துண்டு போட்டு, கேசட்டில் வைப்பார். இரவு முழுக்க அது மெஷினுக்குள் ஆல்கஹாலில் குளித்து, சைலீனில் குளித்து, கடைசியில் உருகிய மெழுகில் ஊறும். காலையில் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவிய சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் பட்டுத்துணி மாதிரி விரியும். அதைக் கண்ணாடியில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவோம். ஒரு நாளைக்கு எத்தனையோ ஊர்க்காரர்களின் சதை என் பிளேடுக்குக் கீழே வருகிறது. அத்தையின் இமையிலிருந்து எடுத்தது மட்டும் முதல் இரண்டு தடவையும் எந்த ஆய்வகத்துக்கும் போகவில்லை.

பக்கத்து டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். கலேசியன் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, இமையைக் கிடுக்கியில் பிடித்து உட்புறம் திருப்பி, உள்ளேயிருந்து கீறிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அரை மணி நேர வேலை, கண்ணில் பேண்டேஜ், மறுநாள் பீடி சுற்றப் போய்விட்டாள். நாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி அதே ஆஸ்பத்திரி, அதே சுரண்டல். சுரண்டி வந்ததைத் துணியில் துடைத்துக் குப்பை வாளியில் போட்டதை அத்தையோடு போயிருந்த மதினி பார்த்திருக்கிறாள். அதைக் குறை சொல்ல அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அங்கே இல்லை.

மூன்றாம் முறை கட்டி வந்ததை நானே பார்த்தேன், மருமகளின் காதுகுத்து வீட்டில். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தாள். இலையைப் பார்த்துக் குனிந்தபோது வெளிச்சம் அவள் மேலிமையில் விழுந்தது. நடுப்பகுதியில் ஒரு சுண்டுவிரல் நக அகலத்துக்கு இமைமுடியே இல்லை. இரு பக்கமும் முடி இருக்கிறது, நடுவில் வழுவழுவென்று வெறும் தோல். விளிம்பு தடித்து, லேசான மஞ்சள் நிறத்தில் இருந்தது. கை கழுவப் போகும்போது கூடவே போனேன்.

"முடி எப்ப கொட்டுச்சு அத்தே?"

"அது ரெண்டு மூணு மாசமாச்சு. வயசானா கொட்டத்தான செய்யும்?"

தலைமுடி கொட்டுவது மாதிரி இமைமுடி ஒரே இடத்தில் திட்டாகக் கொட்டாது. முடியின் வேரை எதுவோ தின்றால்தான் அப்படி விழும். கலேசியன் பக்கத்தில் தள்ளும், அழுத்தும். வேரைத் தின்னாது. அந்த வாரமே அவளை வேறு ஊரில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

இமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் தொட்டுப் பார்த்து மெல்லிய தோல் என்று நினைக்கும் இமைக்குள் ஒரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டுக்குள் செங்குத்தாக, சீப்பின் பற்களைப் போல எண்ணெய்ச் சுரப்பிகள் அடுக்கியிருக்கும். மேலிமையில் 30 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. 1666இல் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள். நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றின் எண்ணெய் கண்ணீரின் மேல் ஒரு படலமாகப் பரவுகிறது. அது இல்லாவிட்டால் கண்ணீர் சட்டென்று உலர்ந்துபோகும்.

இந்தச் சுரப்பி வேலை செய்யும் விதம் என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்க வைக்கும். வியர்வைச் சுரப்பி மாதிரி இது சுரந்து வெளியே விடுவதில்லை. ஓரத்தில் ஒரு செல் பிறக்கும். மெல்ல நடுவை நோக்கி நகர்ந்துகொண்டே தனக்குள் கொழுப்பை நிரப்பிக்கொள்ளும். நிறைந்து, ஊதி, கடைசியில் முழுசாக வெடித்து அதுவே எண்ணெயாகிவிடும். நம் கண்ணை நனைத்து வைப்பது இறந்த செல்கள்தான்.

இந்தச் செல்கள் சாகாமல் பெருக ஆரம்பித்தால் வருவது செபேசியஸ் கார்சினோமா. இமையின் எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய். சுரப்பிகள் அதிகம் என்பதால் மேலிமையில்தான் கூடுதலாக வரும். இமைமுடியின் அடியில் ஒட்டியிருக்கும் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகளிலும், கண்ணின் உள்மூலையில் இருக்கும் இளஞ்சிவப்புச் சதையிலும், புருவத்திலும்கூட வரும். பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாக.

அது வேடம் போடுவதுதான் பெரிய ஆபத்து. ஒருவருக்குக் கலேசியன் மாதிரி ஒரு உருண்டை. இன்னொருவருக்குக் கட்டியே இருக்காது, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து, இமை தடித்து, உறுத்திக்கொண்டே இருக்கும். சொட்டு மருந்துக்கு மேல் சொட்டு மருந்து மாற்றுவார்கள். சாதாரண இமை அழற்சி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். ஒரே கண்ணில் விடாமல் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இதை அபூர்வமான புற்றுநோய் என்று எழுதுவார்கள். மேலை நாட்டுப் புத்தகங்களில் இமைப் புற்றுநோய் 100 பேருக்கு வந்தால் 5 பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இது, பத்தில் ஒன்பது பங்கு பேசல் செல் கார்சினோமா என்கிற, மேல்தோலின் அடியடுக்குச் செல்களில் வரும் புற்று. ஆனால் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் இமைப் புற்றுநோய் வந்த 536 பேரை வைத்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் பாதிக்குச் சற்று மேல் செபேசியஸ் கார்சினோமா. பேசல் செல் வகை கால்வாசிக்கும் கீழே. மொத்தத்தில் இமைப் புற்றுநோயே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு இமையில் புற்றுநோய் என்று வந்துவிட்டால் முதலில் நினைக்க வேண்டிய பெயர்களில் இது ஒன்று. வேறு தோலுக்கு எழுதிய புத்தகத்தை நம்பி நம் ஊர் இமையைப் பார்த்தால் கணக்கு தப்பும்.

புது மருத்துவமனையில் சர்ஜன் அத்தையின் இமையைத் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தில் மஞ்சள் கலந்த சொரசொரப்பு. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று நிதானமாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரெண்டு தடவை எடுத்தும் அதே இடத்துல திரும்பி வந்தா அதை நான் கலேசியன்னு நம்ப மாட்டேன். முழு கனத்துக்கு ஒரு துண்டு எடுக்கணும்" என்றார்.

எடுத்ததை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதி ஃபார்மலினில். இன்னொன்று உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் டப்பாவில். இரண்டும் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தன. இரண்டாவது பகுதி எதற்கு என்றால், நான் மேலே சொன்ன ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். காலையில் மெழுகுக் கட்டியைச் சீவும்போது செல்லுக்குள் இருந்த எண்ணெய் ஒரு சொட்டுகூட மிச்சம் இருக்காது. அது இருந்த இடம் மட்டும் வெறும் ஓட்டையாக நிற்கும். எண்ணெயையே கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஃபார்மலினிலிருந்து மெழுகு வரை போகும் அந்த வழியில் அதை விடக்கூடாது. உறைய வைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ என்ற சாயம் போட வேண்டும்.

உறை எந்திரத்துக்குள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே அந்தத் துண்டை வைத்து நானே சீவினேன். வேறு ஆளை வைக்கிறேன் என்று எங்கள் ஆய்வக டாக்டரம்மா சொன்னார், நான் மறுத்துவிட்டேன். கொழுப்புச் சதை உறைவதற்கு அடம் பிடிக்கும், பிளேடில் இழுபடும். ஏழெட்டுச் சுருள் வீணானபின் ஒன்று நன்றாக வந்தது. சாயத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவியபோது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்த அரிசி அளவுத் துண்டில் செம்பருத்தி நிறத்தில் திட்டுகள்.

மறுநாள் காலை சாதாரண ஸ்லைடும் தயாரானது. டாக்டரம்மா இருவர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் என்னை எதிரே உட்காரச் சொன்னார். சாதாரண ஸ்லைடுக்குப் போடும் சாயத்தில் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். முதலில் சின்ன லென்ஸ். இமைத்தகட்டுக்குள் நீலத் தீவுகள், ஒழுங்கில்லாத விளிம்போடு சுற்றியுள்ள தசைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. நல்ல சுரப்பியின் விளிம்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். இது பல இடத்தில் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

லென்ஸை மாற்றினார். ஒவ்வொரு தீவின் ஓரத்திலும் அடர்த்தியான, கறுத்த உட்கரு உள்ள செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அங்கங்கே தெரிந்தன, ஒரே பார்வையில் நாலைந்து. உள்ளே போகப் போக செல்கள் பெரிதாகி, நுரைத்து, சின்னச் சின்ன ஓட்டைகளால் நிறைந்திருந்தன. அந்த ஓட்டைகள்தான் கரைந்துபோன கொழுப்பு இருந்த இடம். ஓட்டைகள் சில செல்களில் உட்கருவை அழுத்தி அதில் பள்ளம் போட்டிருந்தன. சில தீவுகளின் நட்டநடுவில் செல்லே இல்லை, செத்துப்போன இளஞ்சிவப்புக் குப்பைதான். நல்ல சுரப்பியிலும் நடுவில் செல் சாகும், எண்ணெயாகும் என்று சொன்னேன் அல்லவா? அதே பாதைதான், ஆனால் இங்கே ஓரத்தில் பிறப்பு நிற்கவே இல்லை. நடுவுக்குச் சாப்பாடு எட்டாமல் அது அழுகிப்போகிறது.

கலேசியனிலும் ஓட்டை தெரியும் என்பதைப் புதிதாக வரும் பசங்களுக்கு நான் இப்போது தவறாமல் காட்டுகிறேன். அங்கேயும் கொழுப்புதான் கரைந்திருக்கும். ஆனால் அந்தக் கொழுப்பு சுரப்பியிலிருந்து கசிந்து செல்லுக்கு வெளியே கிடக்கும். அதைச் சுற்றி உடம்பின் காவல் செல்கள், பல உட்கரு கொண்ட பெரிய செல்கள், வட்டம் கட்டி நிற்கும். கார்சினோமாவில் ஓட்டை செல்லுக்கு உள்ளே. ஓட்டை உள்ளேயா வெளியேயா என்பதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஸ்லைடு என்று ஒன்று இருந்தால்.

டாக்டரம்மா பேசாமல் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனார். கட்டியிலிருந்து விலகி, இமையின் உட்புறத் தோல் தெரியும் இடத்தில் நிறுத்தினார். அங்கே கட்டி இல்லை. ஆனால் ஒழுங்காக அடுக்கிய மேல்தோல் செல்களுக்கு நடுவே, நெல் வயலில் களை முளைத்த மாதிரி, வெளிறிய பெரிய செல்கள் தனியாகவும் இரண்டு மூன்றாகவும் உட்கார்ந்திருந்தன. "பேஜட்டாய்டு" என்றார். ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1874இல் மார்புக் காம்பில் விவரித்த நோயைப் போலவே இங்கேயும் புற்றுச் செல்கள் மேல்தோலுக்குள் புகுந்து பரவுவதால் இந்தப் பெயர். கட்டி ஒரு இடத்தில் இருக்க, அதன் செல்கள் நடுவில் நல்ல தோலை விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் போய் உட்காரும். கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டும் எடுத்தால் ஏன் திரும்பி வருகிறது என்பதற்குப் பாதிப் பதில் அந்தச் சில செல்களில் இருந்தது.

மைக்ராஸ்கோப்பும் ஏமாறும். 1968இல் போனியுக், சிம்மர்மேன் என்ற இருவர் வாஷிங்டனில் இருந்த ராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தில் சேர்ந்திருந்த 88 நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து எழுதினார்கள். அவற்றில் பலவற்றுக்கு முதலில் வேறு பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது, மருத்துவர் கண்ணிலும் சரி, ஸ்லைடிலும் சரி. செல்கள் ரொம்பக் கெட்டுப்போய்விட்டால் கொழுப்பே சேர்க்காது. அப்போது செதில் செல் புற்று மாதிரியோ பேசல் செல் புற்று மாதிரியோ தெரியும். மேல்தோலைச் சும்மா சுரண்டி அனுப்பினால் அடியில் இருக்கும் கட்டி தெரியவே தெரியாது. இப்போது அடிபோஃபிலின் என்ற சாயச் சோதனை இருக்கிறது. கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் புரதத்தை அது காட்டும், மெழுகில் ஊறிய துண்டிலும் வேலை செய்யும். எங்கள் மாதிரி ஆய்வகத்துக்கு அது பெரிய உதவி.

ரிப்போர்ட் வந்ததும் சர்ஜன் அடுத்த நடவடிக்கையை விளக்கினார். முதலில் இமையின் உட்புறமும் கண்ணின் வெண்பகுதியைப் போர்த்திய தோலும் எங்கெல்லாம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க, பத்துக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து துளித் துளியாகத் துண்டு எடுத்தார். ஒவ்வொன்றும் தனித் தனிப் பாட்டில், ஒவ்வொரு பாட்டிலிலும் எண், கூடவே காகிதத்தில் கண்ணின் படம் வரைந்து எண் குறித்த வரைபடம். அந்தப் பாட்டில்களை வரிசையாக மேஜையில் வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் தடவை ஒரே ஒரு பாட்டில் வந்திருந்தால் போதுமே என்று தோன்றியது. தெரியாமல் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த கட்டிகளில் உயிரிழப்பு கூடுதல் என்பது பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. அத்தைக்கு ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

துண்டுகளில் கட்டியை ஒட்டிய இரண்டில் மட்டும் செல்கள் இருந்தன, மற்றவை சுத்தம். கட்டியைச் சுற்றி 5 மில்லிமீட்டர் நல்ல சதையோடு சேர்த்து மேலிமையின் பெரும்பகுதியை எடுத்தார்கள். எடுத்ததன் ஓரங்களுக்கு நான் கலர் மை தடவினேன். மூக்குப் பக்கம் நீலம், காதுப் பக்கம் பச்சை, மேலே கறுப்பு. எந்த ஓரத்தில் செல் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அந்த மைதான் சொல்லும். எல்லா ஓரமும் சுத்தம் என்று டாக்டரம்மா சொன்னபின்தான் இமையைக் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். கீழிமையிலிருந்து சதையைத் தூக்கி மேலிமைக்குப் பாலம் போடும் முறை. பாலம் ஒட்டி வளரும் வரை கண் மூடியே இருக்கும். அத்தை இரண்டு மாதம் ஒற்றைக் கண்ணோடு பீடி சுற்றினாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "கை பழகுனதுய்யா, கண்ணு எதுக்கு?" என்றாள்.

குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று வந்ததா என்றும் கேட்டார்கள். மியூர்-டோரே என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அதில் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டியும் குடல் புற்றும் ஒரே ஆளுக்கு வரும். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, அதற்கான சாயச் சோதனையிலும் பழுது தெரியவில்லை.

ஓரம் சுத்தமாக வந்தாலும் இந்த நோயை முடிந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனோம், இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள், காதுக்கு முன்னால் விரல் வைத்து நெறி இருக்கிறதா என்று தடவுவார்கள். ஊருக்குப் போகும்போது நானும் தடவிப் பார்க்கிறேன். அத்தை தானாகவே கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

அவளுக்குப் புது இமையில் முடி இல்லை. கண் முழுசாக மூடுகிறது, அது பெரிய விஷயம்.

போன தடவை பரிசோதனை முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, அவளுடைய ஸ்லைடை எடுத்துப் போட்டேன். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள்.

"பால் பொங்குனாப்ல நுர நுரயா இருக்கே. இதுதானா?"

"இதுதான் அத்தே."

ஸ்லைடை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினேன். கட்டி எட்டாத மூலையில் ஒரே ஒரு மைபோமியன் சுரப்பி பழுதில்லாமல் இருந்தது. உருண்டையான விளிம்பு, ஓரத்தில் ஒரே வரிசை, உள்ளே நுரைத்த செல்கள், நடுவில் குழாய்.

"இது என்னதுய்யா? இதுலயும் நுர இருக்கு."

"இதுவும் உங்களுதுதான். இது நல்லது."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "இத முதல்லயே பாத்திருக்கலாம்லா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.